மருந்துப் போத்தல் இல்லாமல் மரக்கறித் தோட்டம்: வன்னிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்கை முறைக்கு மாறப்போகிறேன் என்று சொல்பவர்கள் பலர் செய்வது ஒன்றுதான்: கடையில் வாங்கிய மருந்தை வைத்துவிட்டு, அதே ஸ்பிரேயரில் வேப்பெண்ணெயை ஊற்றி, அதே கிழமைக்கு ஒரு தடவைக் கணக்கில் அடிக்கத் தொடங்குவது. பூச்சி நிற்காது, ஒரு மாதத்தில் திரும்பவும் கடைக்குப் போவார்கள், 'இதெல்லாம் சரிவராது' என்று ஊருக்கே சொல்வார்கள். 2021 இல் இலங்கை நாட்டுக்கே நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசு தடை போட்டது, மண்ணைத் தயார்ப்படுத்தவோ கூட்டெரு சேர்க்கவோ யாருக்கும் காலம் கொடுக்கவில்லை, நவம்பரில் தடையை எடுத்துவிட்டது. பயிர் படுத்ததைக் கண்ட கமக்காரர் இயற்கை விவசாயம் என்றாலே இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் தெளிப்பது கடைசி வேலை. அதற்கு முதல் காலம், மண், நாற்று, நடுகை, தினமும் பார்ப்பது என்று இத்தனை வேலை இருக்கிறது, அவற்றைச் செய்தவருக்கு ஸ்பிரேயரைத் தோளில் போடும் நாள் வெகு குறைவு. ஒரு கிணறும் கால் ஏக்கர் அளவு நிலமும் வைத்திருப்பவரை மனதில் வைத்தே எழுதுகிறேன், வீட்டு வளவில் நாலு பாத்தி போடுபவருக்கும் இதே ஒழுங்குதான்.

காலத்தைப் பிடியுங்கள்

வன்னியில் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரை விழுந்து முடிந்துவிடும். சித்திரையில் கொஞ்சம் வரும், அப்புறம் சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் ஆவணி வரை காற்றும் வெயிலும்தான். பூச்சியும் நோயும் இந்தக் கணக்கிலேயே வருகின்றன. மழைக்குள் நாற்றழுகல், வாடல், இலைப்புள்ளி, நத்தை. தை பிறந்து வெயில் ஏறியதும் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சிகள்: பனிப்பூச்சி (த்ரிப்ஸ்), சிற்றுண்ணி, வெண் ஈ. ஆகவே எந்தப் பயிரை எந்தக் கிழமையில் வைக்கிறீர்கள் என்பதிலேயே பாதிப் பூச்சிப் பிரச்சினை தீர்மானமாகிவிடுகிறது.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாதி தொடங்கும்போது நாற்றுமேடை போட்டுவிட வேண்டும். ஐப்பசியின் முதல் மழையோடு நட்டால் கார்த்திகைப் பெருமழைக்கு முன் கன்று வேர் பிடித்துவிடும், தையில் பனிப்பூச்சி வரும்போது செடி பூத்துக் காய்த்துத் தாங்கும் உடம்போடு நிற்கும். பிந்தி நட்டவருடைய கன்று முதலில் தண்ணீருக்குள் நிற்கும், பிறகு வெயிலுக்குள் நிற்கும், இரண்டிலும் அடி வாங்கும். தக்காளியைப் பெருமழைக்குள் வைக்காதீர்கள், கார்த்திகைக் கடைசியில் நாற்றுப் போட்டு தையில் நடுங்கள். பாகல், புடோல், பீர்க்கு, கெக்கரி எல்லாம் தை, மாசியில் கிணற்றுத் தண்ணீரோடு நன்றாக வரும். பயிற்றையும் வெண்டியும் தண்ணீர் தேங்காத நிலம் என்றால் எப்போதும் போடலாம்.

குளத்துக்குக் கீழ்ப்பட்ட பள்ளக் காணி என்றால் மாரியில் மரக்கறி என்ற பேச்சே வேண்டாம், நெல்லை விதையுங்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்த வெள்ளம் எங்கெல்லாம் நின்றது என்று ஊரில் கேட்டாலே எந்தக் காணி மேடு, எது பள்ளம் என்று சொல்லிவிடுவார்கள்.

மண்

வன்னியின் செங்கபில மண்ணுக்கு ஒரு குணம் இருக்கிறது. மழையில் சேறாகும், காய்ந்தால் மண்வெட்டி துள்ளும். கடற்கரைப் பக்கம் போனால் மணல், அங்கே தண்ணீரும் நிற்காது, போட்ட பசளையும் நிற்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், சேதனப் பொருள். மரக்கறிக்கு ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோவாவது மக்கிய எரு வேண்டும், முதல் இரண்டு மூன்று போகத்துக்கு இரண்டு கிலோ கொடுத்தால் நல்லது.

எங்கள் பகுதியில் மாட்டுப்பட்டி எருவுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டி எருவை அப்படியே அள்ளிக் கொட்டினால் மாடு மேய்ந்த காட்டுப் புல் எல்லாம் உங்கள் பாத்தியில் முளைக்கும், பச்சைச் சாணம் வேரையும் சுடும். கூட்டெருவாக்கிப் போடுங்கள். நிழலான இடத்தில் அடியில் தடி, மட்டைகளைப் பரப்பி, மேலே காய்ந்தது (வைக்கோல், சருகு, வெட்டிய வாழைத்தடல்) ஒரு படை, பச்சைக் குழை ஒரு படை, சாணக்கரைசல் ஒரு தெளி என்று அடுக்கிக்கொண்டு போங்கள். காய்ந்தது இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு என்ற அளவு போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் சூடு பிடிக்காது. நாலு நாள் கழித்து ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்தி வைத்து எடுத்துப் பாருங்கள், கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. அந்தச் சூடு 55 முதல் 65 பாகை வரை போகும், புல் விதையும் பல நோய்க் கிருமியும் அதில்தான் சாகின்றன. சூடு ஏறவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர் குறைவு. எங்கள் வெயிலுக்குக் குவியல் இரண்டு நாளில் காய்ந்துவிடும், கிடுகால் மூடி வையுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் கறுத்து, மண் வாசத்தோடு உதிரும். பூத்த பார்த்தீனியக் களையை மட்டும் குவியலுக்குள் போடாதீர்கள், சூடு படாத ஓரத்தில் கிடக்கும் விதை போதும், தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

குழை தாழ்ப்பது அதைவிடச் சுலபம், அதை ஏன் கைவிட்டோம் என்று எனக்கு விளங்கவில்லை. கிளிசரியா, பூவரசு, காவிளாய், வேம்பு, எது வேலியில் இருக்கிறதோ அதை வெட்டி, நடப்போகும் சாலில் ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டு மண்ணால் மூடுங்கள். மழை பட்ட பிறகு இரண்டு மூன்று கிழமை விட்டு நடுங்கள், உடனே நட்டால் அழுகும் சூட்டில் கன்று மஞ்சளிக்கும். காணி வெறுமையாகக் கிடக்கும் போகத்தில் சணல் விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதாலும் இதே பலன்.

மண்ணை மூடிவைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் எல்லோரும் வைக்கோலைப் பரப்பு என்கிறார்கள். வன்னியில் கோடையில் காய்ந்த வைக்கோலைப் பரப்பினால் கறையானுக்கு விருந்து வைப்பதுபோல் ஆகும், வைக்கோலை முடித்துவிட்டு மிளகாய் வேருக்குப் போகும். மழை தொடங்கி மண் ஈரமான பிறகு பரப்புங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் பரப்புங்கள், கறையான் புற்று நிறைந்த காணி என்றால் வைக்கோலோடு வேப்பிலையைக் கலந்து போடுங்கள்.

நாற்றுமேடை

மூன்று மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், அரை அடி உயரம். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் இரண்டிரண்டு படையாகப் போட்டு, காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் நெருப்பு வைத்தால் மெதுவாக எரிந்து மேல்மண்ணைச் சுட்டுவிடும். அடியழுகல் கிருமியும் புல் விதையும் குறையும், சாம்பலும் மிச்சம். ஆடி, ஆவணியில் காலம் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. மேடையை நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் தெரியும் பொலித்தீனை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் அடைத்து நாலிலிருந்து ஆறு கிழமை விட்டுவிடுங்கள். எங்கள் வெயிலுக்கு வேறு செலவில்லை. கறுப்புப் பொலித்தீன் இந்த வேலைக்கு அவ்வளவு சரிவராது.

விதையை வரியாகப் போடுங்கள், தூவாதீர்கள். நெருங்கி முளைத்தால் ஈரம் காயாது, ஒரு கன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதெல்லாம் அழுகும். வெண் ஈ நுழைய முடியாத கண் நெருக்கமான வலை ஒன்றை வளைத்த கம்பியின் மேல் போர்த்திவிடுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது, காசு இருந்தால் மருந்துக்குச் செலவழிக்காமல் இந்த வலைக்குச் செலவழியுங்கள் என்பதுதான். மிளகாயின் இலைச்சுருள் வைரசை வெண் ஈ நாற்றுப் பருவத்திலேயே ஏற்றிவிட்டால் பிறகு எந்தத் தெளிப்பும் அந்தக் கன்றைக் காப்பாற்றாது. கண் நெருக்கமான வலைக்குள் முதல் மாதத்தைக் கடத்திவிட்டால் பெரிய கண்டம் ஒன்று தாண்டியது.

நடுகை

கத்தரிக்கு 90 சென்ரிமீற்றருக்கு 60, மிளகாய்க்கு 60 க்கு 45. நெருக்கி நட்டால் கூட விளையும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் காற்று ஓடாத இடத்தில்தான் நோய் தங்கும்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். கத்தரி நின்ற பாத்தியில் மிளகாயை வைத்துவிட்டு 'பயிர் மாற்றினேன்' என்று சொல்லக்கூடாது. அடுத்த போகம் பயறு, உழுந்து, கௌபி, சோளம், எள்ளு என்று வேறு குடும்பத்துக்குப் போங்கள். தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரி சோளத்தை, கன்று நடுவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே போட்டுவிடுங்கள். காற்றோடு வரும் வெண் ஈயும் அழுக்கணவனும் (அசுவினி) முதலில் அந்தச் சுவரில் தட்டுப்படும், அவித்துச் சாப்பிடப் பொத்தியும் கிடைக்கும். வேரில் முடிச்சு முடிச்சாகக் கட்டும் வட்டப்புழு உள்ள நிலம் என்றால் வரிகளுக்கிடையில் துலுக்கச் செவ்வந்தி வையுங்கள், நடுகைக் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள்.

கத்தரி பச்சையாக நிற்கும்போதே திடீரென்று வாடினால் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் இறங்கினால் அது பக்றீரியா வாடல். அதற்கு மருந்து கிடையாது, இயற்கையிலும் கிடையாது, கடையிலும் கிடையாது. செடியை மண்ணோடு எடுத்து எரித்துவிட்டு அந்தப் பாத்தியில் இந்தக் குடும்பத்தைச் சில வருடம் வைக்காமல் விடவேண்டும். வேறு காணி இல்லாதவருக்குச் சுண்டங்கத்தரிக் கன்றில் கத்தரியை ஒட்டி நடுவது நல்ல வழி, சுண்டங்கத்தரி வேர் அந்தக் கிருமியைத் தாங்கும்.

காலையில் ஒரு சுற்று

எங்கள் பக்கத்து வளவு ஐயா, கிழமைக்குக் கிழமை மருந்தடிப்பவர்களைக் கண்டால் ஒன்று சொல்வார்: "தம்பி, பூச்சியைப் பாத்து அடி, கலண்டரைப் பாத்து அடிக்காத." இதைவிடச் சுருக்கமாகப் பீடைக் கட்டுப்பாட்டை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெயில் ஏறுமுன் தோட்டத்துக்குள் இறங்கி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, அங்கொன்று இங்கொன்றாகச் சில செடிகளின் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் பார்ப்பது வீண், எல்லாம் இலைக்குக் கீழேதான் இருக்கும். முட்டைக் கூட்டம் கண்டால் நசுக்குங்கள், புழுவைப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். சின்னத் தோட்டத்துக்கு இந்தக் கைவேலையே பாதி மருந்து.

ஆனால் எதை நசுக்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பொறிவண்டின் குஞ்சு கறுத்து, நீண்டு, செம்மஞ்சள் புள்ளியோடு பார்க்கவே விகாரமாக இருக்கும், நிறையப் பேர் அதைப் பயிர் தின்னும் புழு என்று நசுக்கிவிடுகிறார்கள். அது ஒரு நாளைக்குத் தின்னும் அழுக்கணவனை நீங்கள் கையால் எடுத்து முடிக்க மாட்டீர்கள். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் வண்டும் பொறிவண்டின் சொந்தக்காரன்தான், அதனால் இரண்டையும் மாறிப் பிடிப்பது சுலபம். பளபளவென்று மினுங்கினால் நண்பன். மங்கலாக, மெல்லிய மயிரோடு, நிறையப் புள்ளியோடு இருந்தால் எதிரி, அதன் குஞ்சு மஞ்சளாக உடம்பெல்லாம் முள்ளோடு இலைக்கடியில் ஒட்டிக் கிடக்கும்.

சிலந்தி, தும்பி, கும்பிடுபூச்சி, குளவி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கடும் மருந்தை நிறுத்திய முதல் போகத்தில் பூச்சி கூடத்தான் செய்யும். இவை திரும்பி வர ஒன்றிரண்டு போகம் எடுக்கும், அந்த இடைக்காலத்துக்குத்தான் பொறுமை வேண்டும். பயமாக இருந்தால் முழுத் தோட்டத்தையும் ஒரேயடியாக மாற்றாமல் கால்வாசியில் தொடங்குங்கள்.

கத்தரி

கத்தரியில் உண்மையான தலையிடி தண்டையும் காயையும் துளைக்கும் புழு. பத்து மணி வெயிலில் பார்த்தால் செடி நிமிர்ந்து நிற்க, ஒரு நுனி மட்டும் தலை தொங்கி நிற்கும். அந்த நுனியைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே குழலாகத் தின்றுவிட்டு இளஞ்சிவப்புப் புழு ஒன்று கிடக்கும். உள்ளே போன பிறகு எந்தத் தெளிப்பும் அதைத் தொடாது. கடும் மருந்தும் தொடாது, அதனால்தான் கத்தரிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை அடித்தும் சொத்தைக் காய் வருகிறது.

செய்ய வேண்டியது இது: வாடிய நுனியை வாட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, பையில் சேர்த்து, அன்றைக்கே எரித்துவிடுங்கள். வெட்டிப் பாத்தியிலேயே போட்டால் புழு இறங்கிக் கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். கிழமைக்கு இரண்டு தடவை, பூக்கத் தொடங்குமுன்பே இதைத் தொடங்க வேண்டும். துளை விழுந்த காயையும் தோட்டத்தில் எறியக்கூடாது.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. போகம் முடிந்ததும் காய்ந்த கத்தரித் தடிகளை விறகுக்கென்று வேலியோரம் அடுக்கி வைப்பது எங்கள் வழக்கம். அந்த அடுக்குக்குள் கிடக்கும் கூட்டுப்புழுதான் அடுத்த போகத்துக் கன்றுக்கு முதல் அந்துப்பூச்சியை அனுப்புகிறது. விறகு வேண்டுமென்றால் உடனே எரியுங்கள், இல்லையென்றால் வலையால் மூடி வையுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசம் வைத்த பொறி) கிடைத்தால் ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்க அதுவும் நல்லது, ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் தடி குவிந்து கிடந்தால் உங்கள் பொறியால் மட்டும் ஒன்றும் ஆகாது. வேலியில் நின்று ஒரு கதை கதைத்து இரண்டு தோட்டமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

மிளகாய்

இலை சுருண்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று ஓடாதீர்கள், எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்து இலை ஒடுங்கினால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, மஞ்சளித்து, நெளிந்து, செடி குட்டையாக நின்றால் வெண் ஈ கொண்டுவந்த வைரஸ்.

பனிப்பூச்சிக்கு வறட்சி பிடிக்கும். இலைக்கு அடியில் படும்படி தண்ணீரை விசையோடு அடியுங்கள், இறைப்பைப் பிந்தவிடாதீர்கள், தொடர்ந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல். நீல நிற ஒட்டுப்பொறியில் பனிப்பூச்சியும் மஞ்சளில் வெண் ஈயும் ஒட்டும். பழைய பிளாஸ்டிக் கானை வெட்டி மஞ்சள் பெயின்ற் பூசி, ஆமணக்கெண்ணெய் தடவித் தடியில் மாட்டினாலே போதும். செடியின் உயரத்துக்கு மாட்டுங்கள், தலைக்கு மேலே தொங்கவிட்டால் அழகுக்குத்தான். சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகம் சேதன முறையிலும் அனுமதிக்கப்பட்டது, ஆனால் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

வைரஸ் பிடித்த செடியைப் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்குமுன் ஒரு பையை மேலே கவிழ்த்துப் பிடுங்குங்கள், சும்மா இழுத்தால் வெண் ஈ எழும்பிப் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். வெண்டியின் மஞ்சள் நரம்பு நோய்க்கும் இதே கதைதான், நோய் பிடித்த பழைய வெண்டிக்குப் பக்கத்தில் புது விதை போடவே கூடாது.

பந்தல் பயிரும் பயிற்றையும்

பூசணி, கெக்கரி முளைத்து இரண்டிலை விடும்போதே செம்மஞ்சள் வண்டு வந்து இலையை வட்ட வட்டமாகத் தின்னும். பனி இருக்கும்போது இலையில் சாம்பல் தூவுங்கள். விடியற்காலையில் அந்த வண்டு சோம்பிக் கிடக்கும், கையால் பிடிக்கலாம். நாலைந்து இலை வரும்வரை காப்பாற்றினால் போதும், பிறகு கொடி அதைச் சட்டை செய்யாது.

பாகல், புடோல், பீர்க்கில் பழ ஈ. பிஞ்சில் ஒரு ஊசிக் குத்து, ஒரு சொட்டுப் பிசின், பிறகு கோணிப்போய் மஞ்சளித்து விழும். பூ வாடிய இரண்டு மூன்று நாளுக்குள் பிஞ்சுக்குக் கடதாசிக் குழலோ துணிப்பையோ போட்டுக் கட்டினால் ஈ குத்த முடியாது. புடோலுக்குக் கல் கட்டித் தொங்கவிடும்போது பையையும் சேர்த்துக் கட்டிவிடலாம், இரண்டு வேலை ஒன்றாக முடியும். விழுந்த பிஞ்சை அன்றன்றைக்குப் பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது ஒரு முழத்துக்குக் கீழே புதையுங்கள். துளசிச் சாற்றைப் போத்தலில் தொங்கவிடுவது மாமரத்து ஈக்கு வேலை செய்யும், பாகலைக் குத்தும் ஈ அதற்கு வராது. அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் இருக்கிறது, கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். இலையில் மாப் பூசினதுபோல் வெள்ளை படர்ந்தால் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் காலை வெயிலில் தெளியுங்கள், ஆரம்பத்தில் பிடித்தால் நிற்கும்.

பயிற்றை நுனியில் கறுப்பாக அழுக்கணவன் அப்பினால் முதலில் எறும்பைப் பாருங்கள். அதன் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் சவர்க்காரம் கரைத்து, பூச்சி நனையும்படி அடியுங்கள். நனையாத பூச்சி சாகாது.

வேப்பங்கொட்டைக் கரைசல்

இலைக்கரைசல், உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய் என்று எத்தனையோ செய்முறை இருக்கிறது. உள்ளி, மிளகாய்க் கரைசல் பூச்சியைக் கொஞ்சம் விரட்டும், அவ்வளவுதான். வேப்பிலையில் சத்துக் குறைவு. கொட்டைக்குள் இருக்கும் பருப்புத்தான் மருந்து, அது எங்கள் வளவுகளில் ஆனியிலிருந்து ஆவணி வரை சும்மா விழுந்து வீணாகிறது.

விழுந்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையை எடுத்துவிட்டு, நிழலில் நன்றாகக் காயவைத்து, சாக்கில் அல்லது துணிப்பையில் கட்டித் தூக்கிவிடுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்த கொட்டை ஆகாது. எட்டு மாதத்துக்குள் பாவித்து முடியுங்கள்.

10 லீற்றருக்கு அரைக் கிலோ பருப்பு, கோதோடு என்றால் ஒரு கிலோ அளவில் எடுங்கள். உரலில் இடியுங்கள், எண்ணெய் கக்கும் அளவுக்கு இடிக்க வேண்டாம். துணியில் பொட்டலமாகக் கட்டி இரண்டு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பால் வற்றும்வரை பிழிந்து, வடித்து, 10 லீற்றராக்கி, 50 கிராம் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்துச் சேருங்கள். கிணற்றுத் தண்ணீர் கல்நீர் என்றால், அதாவது குளிக்கும்போது நுரைக்காத தண்ணீர் என்றால், சவர்க்காரம் திரிந்து ஸ்பிரேயர் வாயை அடைக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருங்கள்.

அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, இலைக்குக் கீழே படும்படி அடியுங்கள். வெயில் வேம்பின் சத்தைச் சிதைத்துவிடும், தேனீயின் நடமாட்டமும் அந்த நேரம் குறைந்திருக்கும். அடுத்த நாள் காலையில் செத்த பூச்சியைத் தேடாதீர்கள். வேம்பு பூச்சியைத் தின்னவிடாது, தோல் உரித்து வளரவிடாது, பலன் தெரிய நாலைந்து நாள் ஆகும். புதுப் பூச்சி தெரிந்தால் மட்டும் ஏழிலிருந்து பத்து நாளில் திருப்பி அடியுங்கள். கீரைக்கு வெட்டுவதற்கு ஒரு கிழமை முன்பே நிறுத்துங்கள், கசக்கும்.

புகையிலைக் கரைசலை மட்டும் தொடாதீர்கள். நிக்கொட்டின் கடும் நஞ்சு, தோலால் உடம்புக்குள் போகும், போதாததற்குப் புகையிலையிலிருந்து தேமல் வைரஸ் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றும். 'இயற்கை' என்ற பெயர் இருந்தால் எல்லாம் பாதுகாப்பு என்று ஆகாது. மண்ணெண்ணெய் கலப்பதும் அப்படித்தான், இலை கருகும். பஞ்சகாவியம், மீன் கரைசல் எல்லாம் பயிருக்கு ஊட்டமாக ஊற்றலாம், பூச்சிக்கு என்று அடித்து ஏமாற வேண்டாம். புழுவைக் கொல்லும் பசிலஸ் பக்றீரியா, வேரழுகலைத் தடுக்கும் ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சணம் போன்றவை வேண்டுமென்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

நத்தை, மயில், குரங்கு

மாரியில் பெரிய நத்தை வரும். பின்னேரம் ஈரச்சாக்கையும் பப்பாசி இலையையும் பாத்தியோரம் போட்டுவிட்டு, இரவு ரோர்ச் லைற்றோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீருக்குள் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

மயிலுக்குப் பழைய மீன்வலை அல்லது பழைய சாறியை வேலியாகக் கட்டுகிறோம், கன்று சின்னதாக இருக்கும்வரை அது போதும். குரங்குக்கு நல்ல விடை ஒன்றும் என்னிடம் இல்லை. வெடி போட்டால் இரண்டு நாள் வராது, மூன்றாம் நாள் குடும்பத்தோடு வரும். காட்டோரக் காணிக்காரர் குரங்கு அதிகம் விரும்பாத மிளகாய், பாகல், மஞ்சள், இஞ்சி பக்கம் போவதுதான் புத்தி, சோளமும் கெக்கரியும் வீட்டுக்குக் கிட்ட இருக்கட்டும்.

விதை

கலப்பின விதையிலிருந்து விதை எடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை தாயைப்போல் வராது. தின்னவேலிக் கத்தரி போன்ற ஊர் இனங்களில், நோய் நொடி இல்லாமல் நின்ற செடியாகப் பார்த்து, அதன் இரண்டாம் மூன்றாம் பறிப்புக் காயை மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுங்கள். தண்ணீரில் மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து, இனமும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். பயிற்றை விதைக்கு வண்டு விழும், ஒரு கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் விட்டுக் கையால் பிரட்டி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு மூடி வைத்தால் அடுத்த போகம் வரை இருக்கும்.